காளிதாஸ் எங்கே?

"பகுத்தறிவு பேசுகிற உங்களுக்குப் புராணப் படங்களின்மீது என்னய்யா இவ்வளவு கரிசனம்? அழிந்தால் நல்லதுதானே?" என்று நண்பரொருவர் நம்மை மடக்கினார்.

நமக்குச் சினிமாப் பைத்தியம் உண்டு. அதை மூடி மறைக்கும் பழக்கம் நமக்கில்லை. 'வேலைக்காரி'யை (1949) நாம் போற்றுவதில் வியப்பென்ன, அது அண்ணாவின் பேனா! 'பராசக்தி'யின் (1952) நீதிமன்றக் காட்சி இன்றும் நரம்பை முறுக்கேற்றுகிறது. ஆனால் நம் ஆசை அந்த எல்லையோடு நின்றுவிடவில்லை. வாசனின் 'சந்திரலேகா'வில் (1948) முரசுகளின்மேல் நங்கையர் ஆட, அம்முரசுகளின் உள்ளிருந்து வீரர்கள் பாய்ந்து வருகிறார்களே, அதைக் கண்டு வாய்பிளந்தவர்கள்தாம் நாமும். "அதிலே கருத்தென்ன?" என்று எவரும் நம்மை மிரட்ட முடியாது. பாட்டே இல்லாமல் எஸ். பாலச்சந்தர் தந்த 'அந்த நாள்' (1954) வசூலில் தோற்றது, நம்மிடம் தோற்கவில்லை. காங்கிரசின் கொள்கை பேசிய 'தியாகபூமி'யையும் (1939) விரும்பியே பார்த்தோம். வெள்ளையராட்சி தடைசெய்த படமாயிற்றே அது!

பார்க்க முடியாதவற்றை நினைத்தால்தான் நெஞ்சு வேகிறது. 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்த 'காளிதாஸ்', டி.பி. இராஜலட்சுமி நடித்த, தமிழின் முதல் பேசும்படம். தமிழ்ப் பாட்டும் தெலுங்குப் பேச்சும் கலந்த கதம்பம் என்பார்கள். கதம்பமோ கந்தலோ, அதன் பிரதி இன்று இல்லை! அதற்கும் முன்னே நடராஜ முதலியார் எடுத்த 'கீசகவத'மும் இல்லை. அந்நாளைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். பற்றாவிட்டாலும் காலப்போக்கில் மக்கிப் பொடியாகும். மிஞ்சியவற்றையும் வெள்ளிக்காகக் கரைத்தவர்கள் உண்டு.

ஒரு வேடிக்கை கேளீர். திருவிதாங்கூர்க் கதையான 'மார்த்தாண்ட வர்மா' (1933) என்ற ஊமைப்படம், நாவலின் உரிமை பற்றிய வழக்கிலே சிக்கி முடங்கியது. முடங்கியதாலேயே பிழைத்து, பிற்காலத்தில் புனே திரைப்படக் காப்பகத்தைச் சேர்ந்தது. வழக்கு காத்தது, வணிகம் காக்கவில்லை!

1964-இல் தோன்றிய அந்தக் காப்பகமே 2003-இல் தீவிபத்தில் நைட்ரேட் சுருள்களை இழந்தது. ஒரே இடத்தை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து! சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி'யின் (1955) மூலச்சுருளும் 1993-இல் இலண்டன் தீயிலே கருகியதுதான். எனினும் எஞ்சியதைத் துண்டு துண்டாகச் செப்பனிட்டு, குறைந்ததை வேறு பிரதிகளிலிருந்து சேர்த்து, 2015-இல் மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தனர். மனமிருந்தது, பணமும் இருந்தது.

நூலுக்குக் கன்னிமாரா இருக்கிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் ஒரு பிரதியை அங்கே அனுப்பியாக வேண்டும். தமிழ்ப் படங்களுக்கும் சென்னையிலே அப்படியொரு குளிர்ந்த அறை வேண்டும் என்கிறோம். ஆளுங்கட்சி எதுவாயினும் அதைச் செய்யட்டும், பாராட்டத் தயங்கமாட்டோம்.

நண்பருக்கு விடை: புராணத்தை மறுத்து வாதாடுவதற்காவது எதிராளி உயிரோடு இருக்க வேண்டாமா, ஐயா? 'கீசகவதம்' கிடைத்தால் முதல் வரிசையில் நமக்கும் ஓரிடம் போட்டு வையுங்கள். பார்த்துவிட்டுக் கண்டிக்கிறோம்.