‘ஓரமா நிறுத்துப்பா!’ - காரணமே சொல்லாமல் போலீஸ் உங்கள் வண்டியை நிறுத்தலாமா?

இரவு 11.40 மணி. ஆபீஸ் முடிந்து ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். தலையில் ஹெல்மெட் இருந்தது. சிக்னல் எதையும் தாண்டவில்லை. பேரிகார்டு ஓரத்திலிருந்து டார்ச் வெளிச்சம் அடித்தது. “ஓரமா நிறுத்துப்பா.” ஏன் சார் என்று கேட்பதற்குள் ஒரு கை வந்து வண்டிச் சாவியை உருவிவிட்டது. “எங்க இருந்து வர்ற? பையில என்ன? போனைக் காட்டு.” கால் மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் ஒரு காவலர் தன் செல்போனில் என் முகத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார். “சரி, கிளம்பு.” எதற்காக நிறுத்தினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் நண்பர்கள் குரூப்பில் இதைச் சொன்னபோது, இரண்டு விதமான அட்வைஸ் வந்தது. “எந்த செக்‌ஷன்ல நிறுத்தினீங்கன்னு கேட்டிருக்கணும் மச்சி” என்றது ஒரு கோஷ்டி. “சார், சார்னு சொல்லிட்டு வந்துடு, வம்பு எதுக்கு” என்றது இன்னொன்று. யார் சொன்னது சரி என்று பார்க்கச் சட்டத்தைப் புரட்டினால், இருவருமே பாதிதான் சரி.

நிறுத்துவதற்குக் காரணம் வேண்டுமா?

கசப்பான பதிலை முதலில் சொல்லிவிடலாம். லைசென்ஸ் பார்ப்பதற்காக நிறுத்த, தனியாக ஒரு காரணம் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 130-வது பிரிவு, பொது இடத்தில் வண்டி ஓட்டுபவரிடம் சீருடையில் இருக்கும் எந்தக் காவலரும் லைசென்ஸைக் கேட்கலாம் என்கிறது. நீங்கள் தப்பு செய்திருக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை கிடையாது. எஸ்.ஐ.தான் கேட்க வேண்டும் என்றும் கிடையாது. காவலர் கேட்டாலும் காட்டியாக வேண்டும். ‘எஸ்.ஐ. ரேங்க் இல்லாதவர் நிறுத்தவே கூடாது’ என்று பரவும் வீடியோக்கள் பெரும்பாலும் 132-வது பிரிவைத்தான் குழப்பிக்கொள்கின்றன. அது விபத்தில் சிக்கிய வண்டியைப் பற்றியது.

அந்தப் பிரிவில் ‘சீருடையில்’ என்ற வார்த்தை முக்கியம். டி-ஷர்ட்டில் நிற்பவர் கேட்டால் அவரது அடையாள அட்டையை நீங்களும் கேட்கலாம், தப்பில்லை. ஒரிஜினல் கையில் இல்லையே என்று பதறவும் வேண்டாம். 2018-ல் விதிகளைத் திருத்திய பிறகு டிஜிலாக்கர், எம்-பரிவாஹன் ஆப்களில் இருக்கும் லைசென்ஸும் ஆர்.சி.யும் செல்லும். ஸ்கிரீன்ஷாட்டை அல்ல, ஆப்பைத் திறந்து காட்டுங்கள்.

ஆக, நிறுத்துவது சுலபம். அதற்குப் பிறகு போலீஸ் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடிக்கும்தான் சட்டம் காரணம் கேட்கிறது.

சாவி, பை, போன்

லைசென்ஸ், பதிவு, பர்மிட் இல்லாத வண்டியைப் பிடித்துவைக்க 207-வது பிரிவு இருக்கிறது. ஆனால் நிறுத்திய கையோடு சாவியை உருவலாம் என்று இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை.

‘ஊது’ என்பதற்கும் எல்லை உண்டு. குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் ஊதச் சொல்லலாம் என்கிறது 203-வது பிரிவு. அப்படிச் சந்தேகம் இருக்கும்போது ஊத மறுத்தால் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம் என்பதையும் அதே பிரிவுதான் சொல்கிறது. எனவே இந்த இடத்தில் வீராவேசம் வேண்டாம்.

பை விஷயம் கொஞ்சம் சிக்கல். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ், அதிகாரம் பெற்ற அதிகாரி உரிய சந்தேகம் இருந்தால் பொது இடத்தில் சோதனை போடலாம். உங்கள் உடலைச் சோதிக்கும் முன், ‘கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு’ என்று உங்களிடம் சொல்லியாக வேண்டும். 50-வது பிரிவு சொல்லும் இதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1999-ல் உறுதி செய்தது. ஆனால் அது உடல் சோதனைக்கு மட்டும்தான், பைக்குப் பொருந்தாது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.

போன்? 2021 அக்டோபரில் ஹைதராபாத்தில் கஞ்சா வேட்டை என்று சொல்லி, ரோட்டில் போகிறவர்களின் போனை வாங்கி வாட்ஸ்அப் சாட்டைத் தேடிய வீடியோ வைரலாகிப் பெரிய சர்ச்சையானது. வழக்கில் தொடர்புள்ளதாகச் சந்தேகப்படும் பொருளைக் கைப்பற்றப் போலீஸுக்கு அதிகாரம் உண்டுதான். அதற்காக, எந்த வழக்கிலும் இல்லாத ஒருவரின் கேலரியை நடுரோட்டில் ஸ்க்ரோல் செய்து பார்க்க முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்போ எதிர்த்துப் பேசலாமா?

பேசலாம், நிற்காமல் மட்டும் போகாதீர்கள். 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி அருகே ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியை, போக்குவரத்து ஆய்வாளர் துரத்திப் போய் பைக்கை எட்டி உதைத்தார் என்பது குற்றச்சாட்டு. கீழே விழுந்த மனைவி இறந்துபோனார். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். ஹெல்மெட் போடாததற்கு உயிரா விலை?

2025 மே மாதம் கர்நாடகத்தின் மண்டியாவில், நாய் கடித்த குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன பைக்கைப் போலீஸ் மறித்ததில், குழந்தை கீழே விழுந்து லாரியில் சிக்கி இறந்தது. அதன் பிறகு, கண்ணுக்குத் தெரியும் விதிமீறல் இல்லாமல் வண்டிகளை நிறுத்தக் கூடாது என்று அந்த மாநில டி.ஜி.பி. உத்தரவு போட்டார். அந்த உத்தரவைப் போட ஒரு குழந்தை சாக வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 172-வது பிரிவு, குற்றத் தடுப்புப் பணியில் இருக்கும் போலீஸின் சட்டபூர்வமான உத்தரவை மீறுபவரைப் பிடித்துவைத்து, சின்ன விஷயமாக இருந்தால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம் என்கிறது. ‘சட்டபூர்வமான’ உத்தரவு எது என்பதை அந்த நேரத்தில், அந்த ரோட்டில், அவர்தான் முடிவு செய்வார். என்னைக் கேட்டால் இது கவலைக்குரிய பிரிவு. அதனால் குரலை உயர்த்தாமல், “எதுக்கு சார் நிறுத்தினீங்க?” என்று கேளுங்கள். சட்டையில் இருக்கும் பெயரையும், நேரத்தையும், இடத்தையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அபராதம் என்றால் சலான் வாங்குங்கள். தப்பு செய்யவில்லை என்றால் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். அத்துமீறல் நடந்தால் எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்திலும், மாநில மனித உரிமை ஆணையத்திலும் புகார் தரலாம். ஆணையத்துக்குப் போக ஓராண்டு கெடு இருக்கிறது.

அந்த போட்டோ?

எனக்கு இன்னமும் உறுத்துவது அதுதான். முக அடையாள மென்பொருளைத் தமிழகக் காவல்துறை 2021-லிருந்து மாநிலம் முழுக்கப் பயன்படுத்துகிறது. காணாமல் போனவர்களையும் தேடப்படும் குற்றவாளிகளையும் கண்டுபிடிக்க என்கிறார்கள். சரி, நான் இந்த இரண்டில் எதில் வருகிறேன்? 2022-ல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டப்படி, தண்டனை பெற்றவர், கைதானவர், தடுப்புக் காவலில் இருப்பவர், நன்னடத்தைப் பிணை தர உத்தரவிடப்பட்டவர் ஆகியோரிடம்தான் போட்டோ, கைரேகை போன்றவற்றை எடுக்கலாம். ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகிறவர் அந்தப் பட்டியலில் இல்லை. ஹைதராபாத்தில், லாக்டவுன் நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றச் சொல்லித் தன்னைப் போட்டோ எடுத்ததை எதிர்த்து ஒருவர் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்கே போனார்.

நான் போகவில்லை. மறுநாள் இரவும் அதே ரோட்டில்தான் வந்தேன், அதே இடத்தில் பேரிகார்டு இருந்தது. அன்று எனக்கு முன்னால் போன ஃபுட் டெலிவரி பையனை ஓரங்கட்டினார்கள்.