உறையின் மேல் ஒரு வரி

தபால் செலவு கூடினால் வியாபாரிக்கு என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். போருக்குப் பின் ஜெர்மனியின் காமிரா வியாபாரிகளும் அதை அனுபவித்தனர். 1919-இல் நியூரம்பர்க்கில் தொடங்கிய போட்டோ போர்ஸ்ட், விலைப்பட்டியலைத் தபாலில் அனுப்பித் தவணையில் காமிரா விற்றே வளர்ந்த கடை.

1948 ஜூனில் நாணயம் மாறியது. மக்களுக்கு முதலில் தலைக்கு 40 மார்க்தான் கிடைத்தது. அதே மாதம் சோவியத் தரப்பு மேற்கு பெர்லினுக்குத் தரைவழியை அடைத்தது. அந்நகருக்கு உதவ, டிசம்பர் 1 முதல் அமெரிக்க, பிரிட்டிஷ் மண்டலங்களில் தபாலுக்குக் கூடுதலாக 2 பெனிக் நீல ஸ்டாம்பு ஒட்டுவது கட்டாயமாயிற்று. மார்க்குக்கு 100 பெனிக். வெளியூர் அஞ்சலட்டைக் கட்டணமே 10 பெனிக்தான். அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கு! ஆயிரம் அட்டை போட்டால் வரி மட்டும் 20 மார்க். ஒட்ட மறந்தால் தபால் அனுப்பியவருக்கே திரும்பும், ஆர்டரும் தாமதமாகும்.

கெட்டிக்காரர்கள் உறையையே விளம்பரப் பலகையாக்கினர். தபால் கட்டணத்தைப் பதிக்கும் இயந்திரத்தின் சிவப்பு முத்திரையோடு கடைப் பெயரும் சரக்கின் பெயரும் சேர்ந்து பதிந்தன. கட்டணம் எப்படியும் கட்ட வேண்டியதுதானே!

முற்றுகை 1949 மே மாதம் நீங்கியது. வரியை எடுத்தது 1956 மார்ச் 31-இல்.