மோட்டார் சைக்கிள் எஞ்சினின் குளிர்ச்செட்டைகள்

காற்றாற் குளிரும் எஞ்சினில் உருளையின் வெப்பத்தை வெளியேற்றுவதில் முதன்மையானவை அதனைச் சூழ்ந்த செட்டைகளே. செட்டைகளைக் கூட்டினாற் குளிர்ச்சியுங் கூடும் எனப் பலர் எண்ணுவர். அஃது ஓரளவுக்கே பொருந்தும். ஒவ்வொரு செட்டையின் மேற்பரப்பையும் ஒட்டி, எல்லைப்படை எனப்படும் வேகங்குன்றிய காற்றுப்படை அமைகின்றது. செட்டைகள் மிக நெருங்கின், எதிரெதிர்ப் படைகள் ஒன்றிணைந்து, இடைவெளியிற் சூடேறிய காற்றே தேங்கும். பரப்புக் கூடியும் பயன் குன்றும். செட்டையை மிக நீட்டினாலோ, அதன் நுனி போதிய வெப்பம் பெறாது. வார்ப்பிரும்பிலும் ஏறத்தாழ 3 மடங்கு வெப்பங்கடத்தும் அலுமினியக் கலப்புலோகம் இக்குறையைத் தணிக்கும். ஆயினும் பெருந்தடை காற்றுப்பக்கத்திலேயே உள்ளது. ஆதலின், செட்டைகளிடையே எண்ணெயோடு இறுகிய சேற்றை அகற்றாது உலோகத்தின் தரத்தைப் பற்றி வாதிடுவது வீண். வாகனம் நிற்கையில் எஞ்சினை நெடுநேரம் ஓடவிடின், காற்றோட்டங் குன்றி, உராய்வுநீக்கி எண்ணெய் மெலிந்து, முசலம் உருளையினுள் இறுகிவிடவுங் கூடும்.