எடுக்கவும் முடியாமல், வைக்கவும் முடியாமல்

எழுபதைத் தாண்டிய யாரிடமாவது செல்போனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "இது இல்லாட்டி இப்போ ஒரு வேலையும் ஆகாதுப்பா" என்பார்கள். அடுத்த மூச்சிலேயே, "இது வந்த பிறகு நிம்மதியே போச்சு" என்றும் சொல்வார்கள். இரண்டாவது பேச்சை வயதானவர்களின் புலம்பல் என்று ஒதுக்கிவிட்டு, இன்னும் பெரிய திரையுள்ள போனாகப் பார்த்து வாங்கித் தந்துவிடுகிறார்கள் பிள்ளைகள். ஆனால் அந்தப் புலம்பலுக்குள் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. சில உடலைச் சேர்ந்தவை, சில பணத்தைச் சேர்ந்தவை, சில தன்மானத்தைச் சேர்ந்தவை. எந்தக் காரணம் என்று தெரிந்துகொண்டால் செய்ய வேண்டியதும் தெரிந்துவிடும்.

முதலில் அவர்கள் வந்த வழியைப் பார்க்க வேண்டும். டிரங்க் கால் பதிந்துவிட்டு அஞ்சலகத்தில் காத்திருந்தவர்கள் அவர்கள். வீட்டுக்கு இணைப்பு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் வழி பார்த்தவர்கள். இரவில் கட்டணம் குறையும்வரை எஸ்.டி.டி. பூத் வாசலில் நின்று, ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசியவர்கள். 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், கூப்பிட்டாலும் காசு, வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. வரும் அழைப்பு இலவசமானது 2003-இல்தான்.

பேச்சைச் சுருக்கமாக முடிப்பது, பேசியதும் போனை அணைத்து வைப்பது, ஊர் போய்ச் சேர்ந்ததற்கு ஒரே ஒரு ரிங் விட்டு கட் பண்ணுவது எல்லாம் அந்தக் காலத்தில் படிந்த பழக்கங்கள். "எப்பக் கூப்பிட்டாலும் சுவிட்ச்டு ஆஃப்" என்று மகன் எரிச்சல்படுகிறான். அப்பாவோ சார்ஜை மிச்சம் பிடிக்கிறார். அவருக்குப் போன் என்பது தேவைப்படும்போது எடுத்துப் பேசும் பொருள். மற்றவர்கள் நினைத்தபோதெல்லாம் தன்னை அழைப்பதற்கென்று அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை.

யாருடைய நிம்மதிக்காகப் போன் வாங்கப்பட்டது என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் பெரியவர்கள் கேட்டு வாங்கியதில்லை அது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். மனசு கேட்காமல் வாங்கிக் கொடுத்தார்கள். எடுக்கவில்லை என்றால் பதற்றம், பக்கத்து வீட்டுக்கு அழைப்பு, பிறகு கோபம். கோயிலில் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார்ந்ததற்குக்கூடக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேயப் போகும் கன்றின் கழுத்தில் கட்டிய மணியைப் போல, அது யாருக்காக ஒலிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அதே போனில்தான் தூரதேசத்துப் பேரக்குழந்தையின் முகமும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் வருவதற்கு அரை மணி முன்பே தலை வாரி, பொட்டு வைத்து, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காரும் பாட்டிகளை நாம் அறிவோம். வெறுப்பும் ஆசையும் ஒரே பொருளின் மேல் இருக்கின்றன. இரண்டும் உண்மைதான்.

இனி உடல். இங்கேதான் நாம் மிக எளிதாகத் தவறாகப் புரிந்துகொள்கிறோம்.

போன் அடிக்கிறது. யார் என்று பார்க்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எடுத்து மாட்டி வருவதற்குள் ரிங் நின்றுவிடுகிறது. செல்போன் எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்று 2019 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு வரையறை வைத்தது: 30 விநாடி. வீட்டு லேண்ட்லைனுக்கு 60 விநாடி. முட்டி வலியுள்ளவருக்கு 30 விநாடி போதாது. தவறிய அழைப்பைத் திருப்பிக் கூப்பிடும் வழி தெரியாமல் அவர் திகைத்திருக்கும்போதே, "போனை எங்கதான் வச்சிருப்பீங்களோ" என்று அடுத்த அழைப்பு வந்துவிடுகிறது.

நாற்பதுக்கு மேல் கண்ணின் வில்லை நெகிழ்வை இழக்கிறது. கிட்டத்துப் பொருள் மங்குகிறது. வயது ஏற ஏற வில்லை மஞ்சளடிக்கிறது, கண்மணியும் சிறுத்துப் போகிறது. இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குச் சேரும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் சேர்கிறது. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து போடுவது வடிவமைப்பவருக்கு அழகாகத் தெரியலாம். பெரியவருக்கு அங்கே எழுத்தே இருக்காது.

விரலின் கதை இன்னும் நுட்பமானது. டச் திரை அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் நுனியின் ஈரப்பதமும் மின்கடத்தலும் உண்டாக்கும் சிறு மாற்றத்தைத்தான் உணர்கிறது. வயதானால் தோல் உலர்கிறது. வயலில் உழைத்தவர்களுக்கும் பாத்திரம் தேய்த்தே காலம் கழிந்தவர்களுக்கும் காய்ப்பு வேறு. தொட்டால் திரை கண்டுகொள்வதில்லை. உடனே அவர்கள் பட்டனை அமுக்கிய பழக்கத்தில் அழுத்தி, விடாமல் பிடிக்கிறார்கள். போனுக்கு அது வேறு கட்டளை. செயலியின் படம் ஆடத் தொடங்குகிறது, "நீக்கவா?" என்று கேட்கிறது. பயந்து விரலை எடுக்கும்போது கை நடுங்கி அதன் மேலேயே பட, வாட்ஸ்அப் காணாமல் போய்விடுகிறது. "நான் ஒண்ணுமே பண்ணலடா" என்று அம்மா சொல்வது முழு உண்மை. அவர் அறிந்த வரையில் அவர் எதையும் செய்யவில்லை.

இதற்கு மாற்று இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் போனால், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக்கலாம். எழுத்தின் அளவைக் கூட்டுவதுபோலவே எழுத்தை அடர்த்தியாகவும் ஆக்கலாம். தட்டச்சுப் பலகையில் இருக்கும் மைக்கைத் தொட்டுத் தமிழிலேயே பேசினால் எழுத்தாகிவிடும். புதுப் போன் வாங்கும் முன் இருக்கும் போனில் இவற்றைச் செய்து பாருங்கள்.

காது விஷயத்தில் என் மனசை மிகவும் தைத்த ஒரு செய்தி உண்டு. முதுமையில் முதலில் குறைவது கூர்மையான, உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். குழந்தைகளின் குரலும் பெண்களின் குரலும் அந்த வரிசையில் வருபவை. பழைய தொலைபேசி முறையோ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டும்தான் கடத்தும். ஏற்கெனவே குறைந்த காதுக்கு, வெட்டப்பட்ட ஒலி. தாத்தா பேத்தியிடம் பேசாமல் சட்டென்று போனைப் பாட்டியிடம் நீட்டுவதற்குப் பாசக் குறைவு காரணமில்லை; அவள் சொல்வது அவர் காதில் சொற்களாக விழுவதில்லை. இருபுறமும் 4ஜி வழியாகப் பேசும்போது ஒலிப்பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, தெளிவு கூடும். வீடியோ காலில் உதட்டசைவும் தெரிகிறது. கத்துவதைவிட, ஸ்பீக்கரில் போட்டு நிறுத்தி நிதானமாகப் பேசுவது பலன் தரும்.

இன்னொன்று: பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் போனைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. 15 சென்டிமீட்டராவது விலகியிருக்க வேண்டும். பேசும்போதும் கருவி இருக்கும் பக்கத்துக்கு எதிர்க் காதில் வைத்துப் பேச வேண்டும்.

உடல் சார்ந்தவை இப்படி. இதைவிட ஆழமாகக் குத்துவது வேறு. போன் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமையே அவர்கள் கையில் இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் எண் கேட்கிறார்கள். வங்கிக்கு ஓடிபி, ஆதாருக்கு ஓடிபி, மருத்துவமனையில் பெயர் பதியவும் ஓடிபி. நாற்பது வருடம் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு தானே வங்கிக்குப் போய், தானே படிவம் நிரப்பிப் பணம் எடுத்தவர், இன்று "தம்பி, இதக் கொஞ்சம் பாரேன்" என்று பேரனிடம் போனை நீட்ட வேண்டியிருக்கிறது. கணக்கில் எவ்வளவு இருக்கிறது, யாருக்குக் கொடுத்தார், மகளுக்கு ரகசியமாக அனுப்பியது எவ்வளவு என்பதெல்லாம் அதோடு வெளியே வந்துவிடுகிறது. தன் பணத்தைப் பற்றித் தானே முடிவெடுத்து வாழ்ந்தவருக்கு இது சின்ன இழப்பா?

நல்லது நடந்த இடமும் உண்டு. ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட ஆண்டுதோறும் அலுவலகப் படி ஏறிய காலம் ஒன்று இருந்தது. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு வாழ்நாள் சான்றிதழ் வந்தது. ஆனால் அது கைரேகை கேட்டது. தேய்ந்த ரேகை கருவியில் விழாது. 2021 நவம்பரில் முகத்தைப் படம் பிடித்தே சான்று தரும் வசதி வந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்கூட வீட்டிலிருந்து முடிக்கலாம். தபால்காரரை வீட்டுக்கே வரவழைத்து முடித்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது.

பயத்துக்கு வருவோம். "கரண்ட் பில் கட்டல, ராத்திரி ஒன்பதரைக்கு இணைப்பைத் துண்டிப்போம்" என்று வரும் செய்தி, கே.ஒய்.சி. முடியவில்லை என்ற மிரட்டல், போலீஸ் சீருடையில் வீடியோ காலில் வந்து "உங்களைக் கைது செய்துவிட்டோம், கேமராவை அணைக்கக் கூடாது" என்று அடைத்துவைக்கும் மோசடி. 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார். வீடியோ காலில் கைது செய்வது என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் கிடையாது. இந்த ஒரு வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம்.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். பணம் கணக்கு மாறி மாறி ஓடுவதற்குள் வங்கிகளை எச்சரித்து நிறுத்திவைப்பதுதான் அந்த உதவி எண்ணின் வேலை, தாமதமானால் பலனில்லை. பெரியவர்கள் தாமதிப்பது இங்கேதான். தெரிந்தால் பிள்ளைகள் திட்டுவார்கள், போனைப் பிடுங்கிக்கொள்வார்கள், இனி பணத்தைத் தன் கையில் விடமாட்டார்கள் என்று மனசுக்குள் பூட்டிக்கொள்கிறார்கள். மோசடிக்காரர்களுக்கு அந்த மௌனம் கூடுதல் அவகாசம். ஆகவே வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய பேச்சு இது: "ஏமாந்துட்டா உடனே என்கிட்ட சொல்லுங்க. நான் கோபப்பட மாட்டேன்." சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும்.

சொல்லிக்கொடுக்கும் விதத்திலும் ஒரு குறை இருக்கிறது. போனை வாங்கி, நாலு தட்டு தட்டி, "அவ்வளவுதான்" என்று திருப்பிக் கொடுப்பதால் எவரும் எதையும் கற்பதில்லை. போன் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். நம் கை மடியில் இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு வேலை. அதையே அவர்கள் தம் கையெழுத்தில், தம் சொற்களில் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். "பச்சை வட்டம் தொடு, அம்பு வரும்" என்று எழுதியிருந்தால் அதைத் திருத்த வேண்டாம்.

டச் போன் வேண்டவே வேண்டாம் என்பவரை வற்புறுத்தவும் தேவையில்லை. இணையம் சேராத, பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டுமுள்ள ரீசார்ஜை நிறுவனங்கள் தந்தாக வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதித்தது. அப்படிப்பட்ட வவுச்சர்களுக்கு 365 நாள் வரை செல்லுபடிக் காலமும் தரலாம். வேலிடிட்டி முடிந்து எண் கைவிட்டுப் போனால், அதோடு இணைந்த ஆதாரும் வங்கிக் கணக்கும் தடுமாறும் என்பதால் அது முடியும் தேதியைப் பிள்ளைகள் தங்கள் நாட்காட்டியில் குறித்து வைக்கலாம்.

டச் போனுக்கும் பட்டன் போனுக்கும் நடுவில் நிற்பவர்களுக்கு எனக்குப் பிடித்த ஏற்பாடு இரண்டு போன். சிம் பட்டன் போனில் இருக்கட்டும். அதுதான் வெளியே எடுத்துப் போவது. அழைப்பும் ஓடிபியும் அதில்தான் வரும். பணம் அனுப்ப விரும்பினால் பட்டன் போனுக்கென்றே 2022-இல் தொடங்கிய யூ.பி.ஐ. 123பே இருக்கிறது. டச் போன் சிம் இல்லாமல் வீட்டு வைஃபையில் மேசைமேல் நிற்கட்டும். பேரக்குழந்தையின் முகமும் பழைய பாட்டும் சொற்பொழிவும் அதில் கிடைக்கும். ஏதோ ஒரு இணைப்பைத் தெரியாமல் தொட்டுத் திருட்டுச் செயலி உள்ளே இறங்கினாலும், வங்கி அனுப்பும் ஓடிபி அந்தப் போனுக்கு வருவதே இல்லை.