மதுவின்றி நுரைக்கும் பழரசம்

விழாக் காலை விருந்திலே முதிய ஆசிரியரும் இளைய மாணவனும் ஒரே பானத்தைக் கையிலேந்தி மகிழ்தல் வேண்டும். அதற்கேற்ற பழரசமொன்றைச் செய்யும் முறையை ஈண்டுக் கூறுவாம்.

சோடாநீரின் வரலாறு வியப்புடையது. இங்கிலாந்தின் லீட்சு நகரிலே மதுவடிக்கும் சாலையொன்றின் தொட்டிகளிலிருந்தெழுந்த காபனீரொட்சைட்டு வாயுவை ஆராய்ந்த யோசேப்பு பிறீசிலி, அதனை நீரிற் கரைக்கும் முறையை 1772 இல் நூலாக வெளியிட்டார். மதுச்சாலையிலே தோற்றுவாய் கொண்டும் மதுவின் குற்றந் தீண்டாதது இந்நீர்.

பத்துப்பேருக்கு 200 கிராம் சீனியை ஒரு கோப்பை நீரில் இஞ்சித் துண்டுடன் காய்ச்சி ஆறவிடுக. பத்துக் கொடித்தோடம்பழங்களின் சாற்றையும் மூன்று தேசிக்காய்களின் புளியையும் வடித்துச் சேர்க்க. ஒரு பங்கு இரசத்துக்கு மூன்று பங்கு சோடா போதும். சோடாவை இறுதியிலே, குவளையின் ஓரமாக வார்க்க. கலக்கினால் வாயு அகன்றுவிடும். 0 பாகையிற் கரையும் வாயுவில் ஏறத்தாழப் பாதியே 20 பாகையிற் கரையுமாதலின், இரசமும் சோடாவும் நன்கு குளிர்ந்திருத்தல் வேண்டும்.

முன்னொருமுறை நாம் இரசத்தை முதனாளே கலந்து வெளியில் வைத்துவிட்டோம். விடியலில் அது தானே நுரைத்திருந்தது. சீனியை மதுவம் மதுசாரமாக்கும் நொதித்தல் தொடங்கிவிட்டது! முழுவதையும் கொட்டினோம். வெறுங் குவளையுடன் நின்ற பிள்ளைகளின் முகங்களை இன்னும் மறந்திலேம். ஆதலின், அன்பர்களே, பழத்தை விருந்தன்று காலையிலேயே பிழிக.