“தளம் போட்டாச்சு!” - வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறீர்களா?

2019 மே மாதம். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், சித்தப்பா வீட்டுக்குத் தளம் போட்டார்கள். கலவை மெஷின் சத்தம், சட்டி சட்டியாக மேலே ஏறும் கான்கிரீட், மூலையில் தொங்கிய திருஷ்டிப் பூசணிக்காய் எல்லாவற்றையும் மொபைலில் எடுத்தவன் நான்தான். அப்போது கல்லூரி விடுமுறை. முக்கால் நிமிட வீடியோ. “தளம் போட்டாச்சு சித்தப்பா” என்று சிங்கப்பூருக்கு அனுப்பினேன். அவர் அதைத் தன் அறையில் இருக்கும் எல்லோருக்கும் காட்டிவிட்டு, அன்று இரவே அடுத்த தவணைப் பணத்தை அனுப்பினார்.

நவம்பரில் அடைமழை. புது வீட்டு ஹாலில், ஃபேன் மாட்டும் கொக்கி வழியாகத் தண்ணீர் சொட்டியது. மாடிப்படிக்கு மேலே சுவரெல்லாம் ஈரம்.

இதில் வேதனை என்னவென்றால், சித்தப்பாவுக்கு சிங்கப்பூரில் வேலையே கட்டடத்தில்தான். கம்பி கட்டும் குழுவுக்கு சூப்பர்வைசர். அங்கே கம்பி கட்டி முடித்ததும் அதைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட ஆள் வருவார். அந்தக் கையெழுத்து விழாமல் கான்கிரீட் லாரி உள்ளே வராது. 16 வருடமாக அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருந்தவர், தன் சொந்த வீட்டை ஒரு வீடியோவை நம்பிக் கட்டிவிட்டார்.

“நீங்க நின்னு பாத்தீங்களாண்ணே?” என்று அப்பாவிடம் போனில் கேட்டார்.

“நின்னேன். எதைப் பாக்கணும்னு எனக்கு யாரும் சொல்லலையே” என்றார் அப்பா.

அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டர். ஒரு நாள் டூட்டி, மறுநாள் ஓய்வு. ஓய்வு நாளெல்லாம் அந்த வெயிலில் நின்றவர். அந்தப் பேச்சுக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அடுத்து வந்த பொங்கலுக்குக்கூட சித்தப்பாவிடமிருந்து போன் அம்மாவுக்குத்தான் வந்தது.

வெளிநாட்டில் சம்பாதித்து ஊரில் வீடு கட்டுகிற குடும்பங்களில் இது புதுக்கதை இல்லை. எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீடுகளில் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம், வீடு.

பார்க்கும் நேரத்தில் வேலை இல்லை

சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஓவர்டைம் முடித்து, அறைக்கு வந்து, குளித்துவிட்டு சித்தப்பா போனை எடுக்கும்போது அங்கே இரவு 9 மணி. இங்கே மாலை 6.30. கொத்தனார், சித்தாள் எல்லோரும் போயிருப்பார்கள். வெளிச்சமும் போயிருக்கும். அவருக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. இங்கேயும் ஞாயிறு வேலை கிடையாது. கணக்குப் போட்டுப் பார்த்தால், கீழ்த்தளம் கட்டி முடிகிறவரை வேலை நடப்பதை அவர் ஒருமுறைகூட நேரலையில் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் முடிந்த வேலையைத்தான்.

முடிந்த வேலை எல்லா வீட்டிலும் அழகாகத்தான் இருக்கும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்தார்களா, எத்தனை அங்குல இடைவெளியில் கம்பி கட்டினார்கள் என்பதெல்லாம் கான்கிரீட் கொட்டிய பிறகு யாருக்கும் தெரியாது. ஒயர் பைப் எந்த வழியாகப் போகிறது என்பது பூச்சு பூசியதும் மறைந்துவிடும்.

ஒழுகலைப் பார்க்க வந்த இன்ஜினீயர் மூன்று குறை சொன்னார். மே மாத வெயிலில் தளத்துக்கு நான்கு நாள்தான் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். அதுவும் ஹோஸில் காலையும் மாலையும் தெளித்ததோடு சரி. அதனால் மேலே மயிரிழை வெடிப்புகள். மொட்டைமாடியில் ஓடு பதித்தபோது தண்ணீர்க் குழாயை நோக்கி வாட்டம் கொடுக்கவில்லை. ஒரு சன்ஷேடில் கவர் பிளாக்கே இல்லாமல் கம்பி பலகையில் உட்கார்ந்திருந்திருக்கிறது. ஆறே மாதத்தில் துரு வெளியே தெரிந்தது. ஓட்டைப் பெயர்த்து, வெடிப்பை அடைத்து, திரும்பப் பதிக்க ஆன செலவு இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. சித்தப்பாவின் எத்தனை மாத ஓவர்டைம் அது என்று அம்மா விரல் விட்டு எண்ணினார்.

முதலில் காகிதம்

மாடி கட்டுவது என்று 2023-ல் முடிவானபோது, சித்தப்பா இந்த முறை எல்லாவற்றையும் பேப்பரிலிருந்து ஆரம்பித்தார்.

ஊரில் இருப்பவருக்குப் ‘பவர்’ கொடுக்கும்போது பொது அதிகாரப் பத்திரமாகக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. பிளான் அனுமதிக்கு விண்ணப்பிக்க, மின் இணைப்பு வாங்க, கட்டட வேலையைக் கவனிக்க என்று குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் கொடுக்கலாம். விற்கும், அடமானம் வைக்கும் அதிகாரம் அதில் இருக்கக் கூடாது. தம்பி, மச்சான் என்றாலும் இதில் கூச்சம் வேண்டாம். வாங்குகிறவருக்கும் இதுதான் பாதுகாப்பு. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று வாங்கி அனுப்பினால், இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத்தாள் கட்டணம் செலுத்திவிட வேண்டும்.

இனிமேல்தான் மனை வாங்கப்போகிறீர்கள் என்றால் இன்னொரு விஷயம். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் இங்கே வீடு, வீட்டுமனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பரம்பரைச் சொத்தாக வந்தால் அது வேறு. “பக்கத்துலயே நஞ்சை சல்லிசா வருது, வாங்கிப் போட்டு அப்புறம் மனையா மாத்திக்கலாம்” என்று யாராவது சொன்னால், பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் ஆன்லைனில் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். 

பிளான் அனுமதியில் இப்போது ஒரு வசதி. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. எங்கள் மாடி அதற்கு முன்பே முடிந்துவிட்டதால் அப்பாதான் அலைந்தார்.

அடுத்தது ஒப்பந்தம். கீழ்த்தளத்துக்கு ‘சதுரடிக்கு இவ்வளவு’ என்று ஒற்றை வரிதான். சன்ஷேட் அந்தக் கணக்கில் வருமா, படிக்கட்டு வருமா, செப்டிக் டேங்க் தனியா, தற்காலிக மின் இணைப்பின் பில் யாருடையது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை. மாடிக்கு மூன்று பக்கம் எழுதினார்கள். கம்பி, சிமென்ட் எந்த பிராண்டு, கட்டுக்கு எம்-சாண்ட், பூச்சுக்கு பி-சாண்ட், கான்கிரீட் எம்-20க்குக் குறையக் கூடாது என்பது வரை.

மூடுவதற்கு முன் நில்

ஆனால், அந்த மூன்று பக்கத்தையும்விட வேலை செய்தது ஒரே ஒரு விதி. எதையும் மூடுவதற்கு முன் வேலை நிற்க வேண்டும். பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் தொடர வேண்டும்.

பார்ப்பதற்கு ஊரில் ஒரு சிவில் இன்ஜினீயரை சித்தப்பா நியமித்தார். கான்ட்ராக்டரின் ஆள் இல்லை. ஒரு தடவை வந்து பார்ப்பதற்கு இவ்வளவு என்று கட்டணம். மொத்தம் எட்டு முறை வந்தார். இந்தச் செலவைத்தான் நம்மில் பலர் மிச்சம் பிடிக்கிறோம். கல்யாணத்துக்கு ட்ரோன் கேமரா வைக்கிறோம். வாழ்நாள் சம்பாத்தியம் போகிற இடத்தில் “அதான் மேஸ்திரி இருக்காரே” என்கிறோம்.

போட்டோ எடுப்பதும் மாறியது. டேப் வைக்காமல் எடுத்த போட்டோவை சித்தப்பா ஏற்கவில்லை. இரண்டு கம்பிக்கு நடுவே டேப்பை நீட்டி, எண் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். தூண் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே 40 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று காட்ட வேண்டும். சிமென்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும்; அதுவும் தெரிய வேண்டும். 3 மாதத்தைத் தாண்டிய மூட்டை வேண்டாம் என்றார்.

கம்பிக்கு அவர் சொல்லிக்கொடுத்த கணக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. கம்பியின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்.எம் கம்பி என்றால் மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள ஒரு முழுக் கம்பி சுமார் 10.7 கிலோ. லோடு இறங்கியதும் எண்ணிக்கையை எண்ணிப் பெருக்கினால் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். பத்திரிகை வேலைக்கு வந்த பிறகும் நான் தவறாமல் போடக்கூடிய ஒரே கணக்கு இதுதான்.

தளத்தின் மேல் இந்த முறை களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது பரவலாக விற்கும் பி.பி.சி சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய விதி. வெயில் காலத்தில் 14 நாள் நல்லது. காலையில் எடுத்த போட்டோவில் எல்லா மாடியும் ஈரமாகத்தான் இருக்கும். அதனால் சித்தப்பா கேட்டது மதியம் 3 மணி போட்டோ! அந்தப் பொறுப்பு அப்பாவுடையது. டூட்டி நாளில் அம்மா ஏறினார்.

சென்ட்ரிங் பிரிப்பதில் ஒரு உரசல் வந்தது. சீட்டும் முட்டும் வாடகைக்கு வந்தவை. அடுத்த சைட்டில் கேட்கிறார்கள் என்று ஐந்தாம் நாளே கழற்ற ஆள் வந்துவிட்டார்கள். நாலரை மீட்டர் அகலம் வரையுள்ள தளத்துக்கே முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதைத் தாண்டினால் 14 நாள். அதுவும் சாதாரண சிமென்ட்டுக்கான கணக்கு; பி.பி.சி என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். அப்பா இன்ஜினீயருக்குப் போன் போட்டார். போன முறை அவரிடம் போன் போட ஆள் இல்லை. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

பணம் கொடுக்கும் வரிசையும் தலைகீழானது. முன்பு ஒவ்வொரு கட்டம் தொடங்கும்போதும் பணம் போகும். இப்போது முடித்து, பார்த்த பிறகு. கான்ட்ராக்டர் முகம் சுளித்தார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. சனிக்கிழமை ஆனால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி எண்ணிவைக்க வேண்டும். சின்ன கான்ட்ராக்டர் கையிலிருந்து எவ்வளவுதான் போடுவார்? அதனால் வாராவாரம் கூலிக்கு மட்டும் பணம், மீதி பார்த்த பிறகு என்று பேசி முடித்தார்கள். கடைசியாக ஒரு தொகை, ஒரு மழைக்காலம் முடிகிறவரை நிறுத்திவைக்கப்பட்டது.

பூச்சுக்கு முன் நான் ஒரு வார லீவில் ஊருக்குப் போய், ஒவ்வொரு சுவரையும் டேப்போடு எடுத்து, அறையின் பெயர், தேதி போட்டுச் சேமித்தேன். போன தீபாவளிக்கு திரைச்சீலைக் கம்பி அடிக்க வந்தவருக்கு, ஒயர் எங்கே போகிறது என்று மொபைலில் காட்டினோம்.

லீவு எப்போது எடுப்பது?

வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் லீவைக் கிரகப்பிரவேசத்துக்கு என்று வைத்திருப்பார்கள். சித்தப்பாவும் முதல் முறை அப்படித்தான் வந்தார். மாடிக்கு அவருக்குக் கிடைத்தது 10 நாள். அதை ரூஃப் கம்பி கட்டும்போது எடுத்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பி கட்டுபவர்களோடு உட்கார்ந்துவிட்டார். பால் காய்ச்சும் அன்று அவர் இருக்க மாட்டார் என்று தெரிந்ததும், “ஊர்ல என்ன நினைப்பாங்க” என்று சித்தி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தப் பத்து நாளும் அப்பாவும் சித்தப்பாவும் காலை 7 மணிக்கு ஒன்றாக மாடி ஏறினார்கள். பழைய பேச்சை இருவருமே எடுக்கவில்லை. கவர் பிளாக் வைக்காத ஓர் இடத்தை அப்பாதான் முதலில் கண்டுபிடித்தார். “தம்பி, இங்க வா” என்று அவர் கூப்பிட்டதில் ஒரு கெத்து இருந்தது.

பால் காய்ச்சும் அன்று சித்தப்பா வீடியோ காலில் வந்தார். பொங்கி வழிந்த பாலைக் காட்டினோம். “சரி சரி, போனை அப்படியே மேல திருப்பு, சீலிங்கைக் காட்டு” என்றார்.

அந்த நவம்பரில் மழை விடாமல் பெய்த ஓர் இரவு, அப்பா டார்ச் லைட்டோடு மாடி ஹாலுக்குப் போய் மூலை மூலையாக வீடியோ காலில் காட்டினார். காய்ந்த சீலிங். மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. சிங்கப்பூரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும்.

“அண்ணே, இன்னும் கொஞ்சம் இடது பக்கம்...”