பேஷன் ஷோவுக்கு அழைப்பு வந்தால்... எதை உடுத்துவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பி டம்ளரைக் கையில் எடுத்தேனோ இல்லையோ, போன் மணி அடித்தது. அக்கா மகள்தான்.

“சித்தி! அம்மா வர மாட்டாங்களாம். நீங்களாவது சொல்லுங்களேன்!” குரல் தழுதழுத்தது.

விஷயம் இதுதான். அவள் நான்கு வருஷம் உடை வடிவமைப்புப் படித்து முடிக்கிறாள். கடைசி வருஷத்தில் மாணவிகள் தாங்கள் வடிவமைத்த உடைகளை மேடையேற்றிக் காட்ட வேண்டும். ஆளுக்கு ஐந்தாறு உடைகள். பெற்றோருக்கும் அழைப்பு. அழைப்பிதழின் அடியில் ‘உடை: காக்டெய்ல்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் அக்காவைக் கலவரப்படுத்திவிட்டது.

“காக்டெய்ல்னா குடிக்கிறது இல்லையோ? எனக்கு எதுக்குடி அதெல்லாம்! அங்கே வர்றவங்க எப்படியெல்லாம் உடுத்திக்கிட்டு வருவாங்க... நான் போய் உட்கார்ந்தா அவளுக்குத்தானே தலைகுனிவு? அவங்க அப்பா மட்டும் போயிட்டு வரட்டும்” என்றாள்.

மகளோடு ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்து ஓரம் தைத்துக் கொடுத்தவள் இவள்! எந்தப் புடவை என்ற குழப்பத்தில் அந்த நாளையே இழப்பதா? அன்று அக்காவிடம் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று இந்தப் படிப்புக்குப் போகிறார்கள். நாளை உங்கள் வீட்டுக்கும் இப்படி ஓர் அழைப்பிதழ் வரலாம், இல்லையா?

மணப்பெண் யார்?

கல்யாண வீட்டுக்குப் போகிறோம். மணப்பெண்ணை மிஞ்சும்படி அலங்காரம் செய்துகொண்டு போவோமா? மாட்டோம். அழுக்குப் புடவையோடும் போக மாட்டோம். பேஷன் ஷோவுக்கும் இதே நியாயம்தான். அங்கே மணப்பெண், மேடையில் வரும் உடை. நாம் அதைப் பார்க்க வந்த விருந்தாளிகள்.

இந்த வழக்கம் பிரான்ஸில் வேர் விட்டது. சார்லஸ் பிரடெரிக் வொர்த் என்ற ஆங்கிலேயர் 1858 வாக்கில் பாரிஸில் உடைக்கடை திறந்தார். பொம்மைக்கு மாட்டிக் காட்டாமல், உயிருள்ள பெண்களுக்கு உடுத்தி நடக்கவிட்டு வாடிக்கைக்காரர்களுக்குக் காட்டினார். பார்ப்பதும், பிடித்தால் வாங்குவதும்தான் நோக்கம். இன்றும் ஷோவுக்கு வருகிறவர்களில் பலர் கடைகளுக்காகத் துணி வாங்குகிறவர்களும் பத்திரிகைக்காரர்களும்தான். அவர்களுக்கு அது வேலை நாள். ஆகவே, எல்லாரும் நம்மையே பார்ப்பார்களோ என்ற பயம் வேண்டாம்!

நியூயார்க்கில் பில் கன்னிங்ஹாம் என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார். ஷோக்களுக்கு வருகிறவர்களின் உடைகளைப் பல்லாண்டு காலம் படமெடுத்துப் பத்திரிகையில் போட்டவர். 2016-ல் காலமானார். அவர் உடுத்தியது என்ன தெரியுமா? பிரெஞ்சுத் தொழிலாளிகள் போடும் சாதாரண நீல நிறச் சட்டை! அதனால் அவர் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை.

ராணியே வந்தபோது...

2018 பிப்ரவரியில் லண்டனில் ரிச்சர்ட் க்வின் என்ற இளம் டிசைனரின் ஷோவுக்கு இரண்டாம் எலிசபெத் ராணியார் வந்தார். அப்போது அவருக்கு வயது 91. மேடையில் பூப்போட்ட துணிகள் கண்ணைப் பறிக்க, அவர் வெளிர் நீல உடையில் முன்வரிசையில் அமைதியாக உட்கார்ந்து பார்த்தார். பக்கத்தில் பிரபல பத்திரிகையாசிரியர் அன்னா வின்டோர். அவர் ராணியாருக்கு அருகிலும் தமது வழக்கமான கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. “இது மரியாதையா?” என்று அப்போது ஒரே விவாதம்! விலை உயர்ந்த உடைகூட இப்படிப் பேச்சுக்கு இடமாகாது. ஒரு கறுப்புக் கண்ணாடி ஆகிவிட்டது, பாருங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசிப்பதும் உடை நாகரிகத்தில் ஒரு பகுதிதான்.

அழைப்பிதழின் பாஷை

‘காக்டெய்ல்’ என்றால் பயப்பட வேண்டாம். மாலை விருந்துக்குரிய உடை, அவ்வளவுதான். மேல்நாட்டில் முழங்கால் அளவு கவுன். நமக்கு மெல்லிய பட்டு, ஷிபான், அல்லது நல்ல கைத்தறிப் புடவை. கழுத்தில் ஒற்றைச் சங்கிலி, காதில் ஒரு தோடு போதும்.

‘பிளாக் டை’ என்று இருந்தால் பெரிய விருந்து. ஆண்களுக்குக் கறுப்புக் கோட்டும் கழுத்தில் ‘போ’வும், மேல்நாட்டுப் பெண்களுக்குத் தரையைத் தொடும் கவுன். அதற்கு நம் பட்டுப்புடவை தாராளமாக ஈடு கொடுக்கும்.

‘ஸ்மார்ட் காஷுவல்’ என்றால் வீட்டு உடையும் அல்ல, கல்யாண உடையும் அல்ல. இஸ்திரி போட்ட பருத்திப் புடவையோ சல்வார் கமீஸோ சரியாக இருக்கும்.

ஒன்றுமே எழுதவில்லையா? மாலைக் கச்சேரிக்கு எப்படிப் போவீர்களோ, அப்படிப் போங்கள்.

அவர் வடிவமைத்ததையே உடுத்தலாமா?

பேஷாக உடுத்தலாம்! டிசைனருக்கு நாம் செய்யும் பெரிய மரியாதை அதுதான். புதிதாக வாங்க வேண்டும் என்பதில்லை. பழையதாக இருந்தால் இன்னும் விசேஷம்; இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்து உடுத்துகிறார்களே என்று மகிழ்ந்து போவார். இல்லாவிட்டால் எந்தக் கம்பெனி என்று தெரியாத சாதாரண உடை நல்லது. போட்டிக் கம்பெனியின் பெயரைப் பெரிதாகப் பொறித்த உடையையும் பையையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒரு வீட்டு விருந்தில் உட்கார்ந்து அடுத்த வீட்டுச் சமையலைப் புகழலாமா?

“என் புடவை பழைய மோஸ்தராயிற்றே” என்ற கவலையும் வேண்டாம். 1947 பிப்ரவரி 12-ல் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் தமது முதல் ஷோவை நடத்தினார். யுத்த காலத்துத் துணிப் பஞ்சத்தில் குட்டைப் பாவாடைக்குப் பழகியிருந்த காலம். அவரோ கஜம் கஜமாகத் துணி வைத்து, கெண்டைக்கால் வரை நீண்ட பாவாடைகளைக் காட்டினார். முன்னால் உட்கார்ந்திருந்த நாகரிகச் சீமாட்டிகள் தங்கள் பாவாடையைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார்களாம்! புது மோஸ்தர் வந்த அன்று எல்லார் உடையும் பழசுதான்.

கவனிக்க வேண்டிய சில

* கொண்டையைக் கோபுரம்போல் உயர்த்தாதீர்கள். தொப்பியும் வேண்டாம். பின்வரிசைக்காரருக்கு மேடை தெரிய வேண்டும்.
* முன்வரிசையில் இடம் கிடைத்தால் காலை மடக்கி வையுங்கள். நீட்டிய காலில் மாடல் தடுக்கி விழலாம். புகைப்படத்திலும் நம் செருப்புதான் விழும்! பெரிய ஹாண்ட்பாக் நாற்காலிக்கு அடியில் இருக்கட்டும்.
* விளக்கொளியில் பளபளக்கும் ஜிகினா வேலைப்பாடு முன்வரிசைக்கு ஏற்றதல்ல.
* மூடிய ஏ.ஸி. ஹாலில் காட்டமான சென்ட் பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலியைத் தரும். ஒரு முழம் மல்லிகை போதும்.
* ஷோ நடப்பது பத்துப் பதினைந்து நிமிஷம்தான். ஆனால் சொன்ன நேரத்தில் ஆரம்பிப்பது அபூர்வம். குளிரில் காத்திருக்க ஒரு சால்வை எடுத்துப் போங்கள். காலைக் கடிக்காத பழகிய செருப்பு நல்லது. வழியில் ஒயர்கள் கிடக்கும்.
* புது ரவிக்கையை முன்கூட்டியே ஒருமுறை போட்டுப் பாருங்கள். அங்கே போய் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தால் மேடையைப் பார்ப்பது எப்போது?

அக்கா என்ன செய்தாள்?

இவ்வளவும் சொல்லிவிட்டு, “பீரோவைத் திற” என்றேன். காஞ்சிபுரம் பட்டு ஒன்றை எடுத்தாள். கனமாக இருந்தது. அதன் அடியில் ஒரு வெள்ளைப் பருத்திப் புடவை. நீலத்தில் அச்சுப் பூக்கள். மகள் முதல் வருஷத்தில் மரக்கட்டையால் அச்சிட்டுப் பழகியது. முந்தானைப் பக்கம் ஒரு வரிசை கோணலாகவே இருக்கும்.

“இதுவா? கோணலைப் பார்த்தா சிரிக்க மாட்டாங்களா?”

“இதைச் செய்தவளோட ஷோவுக்குத்தானே போறே அக்கா!”

கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, அதையே உடுத்தினாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். ஷோ முடிவில் டிசைனர்கள் மேடைக்கு வந்து வணங்குவது வழக்கம். அக்கா மகளும் வந்தாள். அம்மாவைத் தேடினாள். புடவையைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டாள். அப்புறம் கைகூப்ப மறந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெளியே வரும்போது முன்பின் தெரியாத ஓர் அம்மாள் அக்காவை நிறுத்தி, “இந்தப் புடவை எங்கே வாங்கினீங்க?” என்று கேட்டார்.

“என் பொண்ணு போட்டது” என்றாள் அக்கா. அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆகவே சகோதரிகளே, அழைப்பு வந்தால் தயங்காமல் போங்கள். சுத்தமாக, சௌகரியமாக, மற்றவர் பார்வையை மறைக்காமல் உடுத்துங்கள். ‘நல்ல புடவை இல்லையே’ என்று மட்டும் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.